அது உங்க பேப்பர்தானே சார்

குடலிறக்க அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்குப் போன பெரியவர் வலிக்குது என்று சொல்ல, 2 மணிக்குப் பாராசிட்டமால் ஒரு கிராம் ஏற்றியிருக்கிறார்கள். அதே ஒரு கிராமை ஆபரேஷன் தியேட்டரில் 12.45-க்குத்தான் மயக்க மருந்து டாக்டரான நான் ஏற்றி முடித்திருந்தேன். கொடுத்த மருந்து, நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் குறிக்கும் அனஸ்தீசியா சார்ட்டில் எழுதியும் இருந்தேன். நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சார்ட்டைப் பார்க்கவில்லையா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "அது உங்க பேப்பர்தானே சார்" என்றார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. 1890களில் பாஸ்டனில் காட்மன், குஷிங் என்ற இரு மாணவர்கள் ஈதர் கொடுக்கும்போது நாடித்துடிப்பைக் குறித்துவைக்கத் தொடங்கினார்கள். அன்று முதலே அது மயக்க மருந்து கொடுப்பவரின் தாள்தான்.

மதிய டூட்டி மாறும் நேரத்தில் இருபது நிமிடம் வாங்கிக்கொண்டு, பெயரை மறைத்த பழைய சார்ட்டுகளோடு வார்டு சிஸ்டர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தேன். முதல் நாள் ரத்த அழுத்தக் கோடுகளை விளக்கியது என் மடத்தனம். "கோடெல்லாம் இருக்கட்டும் சார், பேஷண்ட் எங்க கைக்கு வந்தப்புறம் இதுல எதைப் பார்க்கணும், அதைச் சொல்லுங்க" என்றார் ஒரு மூத்த சிஸ்டர். சரி என்று அடுத்த நாள் கோடுகளை விட்டுவிட்டேன். வலி மருந்து எது, கடைசியாக எத்தனை மணிக்கு, ரத்தம் எவ்வளவு போனது, ஸ்பைனலில், அதாவது இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் போடும் ஊசியில், என்ன சேர்த்தோம்.

அந்தக் கடைசிக் கேள்வியிலேயே இரண்டு வகுப்பு போயிற்று. ஸ்பைனல் ஊசியில் 100 மைக்ரோகிராம் மார்ஃபின் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு நாள் வலி அடங்கியிருக்கும். ஆனால் அது தண்டுவட நீரில் மெல்ல மேலேறி, பல மணி நேரம் கழித்துக்கூட மூச்சைக் குறைக்கலாம். வார்டில் கத்துகிறவரைத்தான் எல்லோரும் போய்ப் பார்ப்போம். இங்கே பயப்பட வேண்டியது சத்தமில்லாமல் தூங்குகிறவருக்கு. ஆக்ஸிஜன் வைத்திருந்தால், விரலில் மாட்டிப் பார்க்கும் ரத்த ஆக்ஸிஜன் அளவான சாச்சுரேஷனும் சீக்கிரம் இறங்காது. முழு ஒரு நிமிடம் மூச்சை எண்ணியே ஆகவேண்டும் என்றேன். "எண்ணாமலே எல்லாருக்கும் 20-னு போட்டுடுவோமே சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நானும் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது அந்த 20-ஐப் போட்டவன்தான்.

ஒரு மாதம் கழித்து, இரவு பதினொன்றரைக்கு வார்டு சிஸ்டரிடமிருந்து போன். "சார், ஸ்பைனல் கேஸ், மார்ஃபின்னு எழுதியிருக்கீங்களா, மிடாசோலம்னா?" வாட்ஸப்பில் படம் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான், மார்ஃபினா, தூக்க மருந்தான மிடாசோலமா என்று எனக்கே புரியவில்லை. அன்று ஏழு கேஸ், எதில் எதைப் போட்டேன் என்று நினைவும் இல்லை. மார்ஃபின் எடுத்த கணக்கை எழுதும் நார்கோட்டிக் ரெஜிஸ்டர் தியேட்டரில் பூட்டிக் கிடந்தது. "மார்ஃபின்னே வச்சுக்கங்க சிஸ்டர், மணிக்கொரு தடவை எண்ணுங்க" என்றேன்.

"ஏற்கெனவே எண்ணிட்டுத்தான் கூப்பிட்டேன் சார். 14."