எக்செல் தெரியும் என்று சொல்லமுதல்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கணினிச் சான்றிதழ் வைத்திருக்கும் பிள்ளைகள் பலர். ஆனால் கமக்காரர் அமைப்பு ஒன்றின் பெயர்ப்பட்டியலைப் பிழையில்லாமல் பதியச் சொன்னால்தான் சங்கதி தெரியும். கூட்டுறவுச் சங்கமோ, அரிசி ஆலையோ, புதிதாகச் சேர்பவரிடம் முதலில் தருவது அந்த மாதிரி வேலையாக இருக்கலாம்.

பழைய அடையாள அட்டை இலக்கத்தில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும் இருக்கும். எக்செல் அதைத் தொடாது. புதியதில் 12 இலக்கம். அப்படியே அடித்தால் எண்ணென்று நினைத்து, நடுவில் ஆங்கில ‘ஈ’ போட்டுச் சுருக்கிக் காட்டும். தொலைபேசி இலக்கத்தின் முன் சைபர் பறந்துவிடும். இவையாவது பரவாயில்லை. 15 இலக்கத்துக்கு மேற்பட்ட வங்கிக் கணக்கிலக்கம் என்றால் மிச்சமெல்லாம் சைபராக மாறும், பிறகு மீட்கவே முடியாது.

அடிக்கமுதல் இந்த இலக்கங்கள் வரும் நிரலைத் தெரிவுசெய்து, வலது கிளிக், ‘ஃபோர்மட் செல்ஸ்’, ‘டெக்ஸ்ட்’. அடித்தபின் மாற்றினால் தொலைந்தது திரும்பாது. அடையாள அட்டை நிரலுக்குப் பக்கத்து நிரலில், எத்தனை எழுத்து இருக்கிறதென்று எண்ணும் ‘லென்’ சூத்திரம் போடுங்கள். 10 அல்லது 12 வராத வரியெல்லாம் பிழை.

அடுத்தது பாமினி எழுத்துரு. அது தமிழ்போலத் தெரியும் ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் குப்பை, பெயரைத் தேடினாலும் அகப்படாது. கை பாமினிக்குப் பழகியிருந்தால் என்எச்எம் ரைட்டர் என்ற மென்பொருளில் அதே விசைகளாலேயே யூனிகோட், அதாவது உண்மையான தமிழ் எழுத்து, அடிக்கலாம். இன்னும் பாமினியிலேயே கடிதம் கேட்கும் அலுவலகங்கள் உண்டு. அவர்களுக்குப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.