மாமல்லபுரம் அலையும் முந்நூறு ரூபாய் ஆட்டோவும்

மாமல்லபுரத்திலிருந்து நேற்று ராத்திரிதான் திருச்சி வந்து சேர்ந்தேன். முதுகு வெயிலில் வெந்துபோயிருக்கிறது, பையை உதறினால் இன்னும் மணல் கொட்டுகிறது. எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அலைச்சறுக்கு வீரர் ரமேஷ் புதிஹாலைப் பற்றிச் சொல்லாமல் கை நகர மறுக்கிறது.

ஆசிய அலைச்சறுக்கு (சர்ஃபிங்) போட்டி 2025 ஆகஸ்டில்தான் முதல்முறையாக இந்தியாவில், அதுவும் மாமல்லபுரத்தில் நடந்தது. இதன் தனிநபர் பிரிவில் அதுவரை இந்தியர் ஒருவர்கூடப் பதக்கம் வாங்கியதில்லை. ரமேஷ் வெண்கலம் வாங்கிவிட்டார்! தென்கொரியாவின் கனோவா ஹீஜே 15.17 புள்ளி, இந்தோனேசியாவின் பஜார் அரியானா 14.57, நம் ஆள் 12.60. கரையில் நின்று கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

இந்தப் புள்ளிக் கணக்கே முதலில் எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்றிருந்த மீனவ அண்ணன் ஒருவர்தான் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒவ்வொரு அலைக்கும் பத்துக்கு மார்க். ஐந்து நடுவர்கள் என்றால் அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு, நடுவில் உள்ள மூன்றின் சராசரி. எத்தனை அலை ஏறினாலும் சிறந்த இரண்டுதான் கணக்கு, ஆக மொத்தம் இருபதுக்கு. "பெரிய அலை புடிச்சா மட்டும் பத்தாது தம்பி, அதுல என்ன பண்றான்னு பாருங்க" என்றார். அதன் பிறகு, வருகிற அலையை விட்டுவிட்டு ஒருவர் சும்மா காத்திருப்பதுகூட எனக்குப் பதைபதைப்பாக இருந்தது. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்ப்பதைவிட இது மேல், அடித்துச் சொல்வேன்.

சரி, செலவுக்கு வருகிறேன். சென்னையிலிருந்து ஈ.சி.ஆர் வழி பஸ்ஸில் மலிவாகவே வந்துவிட்டேன். இறங்கியதும் ஆட்டோக்காரர் ஒருவர் கடற்கரைக்கு 300 ரூபாய் என்றார். பையின் கனத்தில் ஏறிவிட்டேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, இறக்கிவிட்டார். அநியாயம்! அன்றைக்கு என் சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்ததே 300தான். நடந்தே போங்கள், தயவுசெய்து நடந்தே போங்கள்.

அந்தக் கோபத்தை ஆற்றியது மதியச் சாப்பாடு. கடற்கரைக்குப் பின்சந்தில் ஒரு அக்கா வீட்டுத் திண்ணையிலேயே போடுகிறார். சங்கரா மீன் குழம்பு, மாங்காய் போட்டது. நெத்திலி வறுவல் மொறுமொறுவென்று, எண்ணெய் கையில் ஒட்டாமல். சோறு கேட்கக் கேட்க வந்தது. 150 ரூபாய். மறுநாளும் அங்கேயேதான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை பக்கத்துக் கோவளம் போனேன். இந்தக் கடற்கரையில் சர்ஃபிங் வேர்விட்ட கதைக்கு மூர்த்தி மேகவன் என்ற மீனவர் முக்கியமானவர். தானாகவே கற்றுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்து, 2012 வாக்கில் அங்கே சர்ஃபிங் பள்ளியும் வந்தது. ரமேஷ் அலை பழகியதும் ஒரு கோவளத்தில்தான், அது கேரளத்துக் கோவளம்.

அலையின் போக்கு மீனவக் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். ஆனால் போட்டி, நடுவர், தரவரிசை என்றெல்லாம் வந்த பிறகுதான் அந்தத் திறமைக்கு ஒரு போக்கிடம் கிடைத்திருக்கிறது. டோக்கியோவில் சர்ஃபிங் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. 2026இல் ஜப்பானில் நடக்கும் ஆசிய விளையாட்டிலும் சேர்த்திருக்கிறார்கள், மாமல்லபுரம் போட்டியே அதற்கான தகுதிச் சுற்றுதான். இதற்கெல்லாம் ஸ்பான்சர் பணம் இன்னும் தாராளமாக வர வேண்டும். ஒரு நல்ல சர்ஃபிங் போர்டின் விலையைக் கேட்டேன், மீனவக் குடும்பம் சட்டென்று வாங்கிவிடக்கூடியதாக இல்லை.

நானும் ஒரு வகுப்பு எடுத்தேன், 1500 ரூபாய். கையிருப்பில் பாதி போயிற்று. சொல்லிக்கொடுத்த பையனுக்கு இருபது வயதிருக்கும். "கீழ பாக்காதீங்க அண்ணா, கரையைப் பாருங்க" என்று தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தான். ஒன்பதாவது தடவை எழுந்து நின்றேன். மூன்று விநாடி இருக்கும். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியபோது, அவன் இடுப்பளவு நீரில் நின்று இரண்டு கையையும் தட்டிக்கொண்டிருந்தான்.