சுரண்டினால் வீரன், பூசினால் வீராங்கனை: டிராய் போரை மண் தட்டில் வரைந்து பார்த்த அனுபவம்

சுட்ட மண் தட்டுகளில் டிராய் போரின் நாயகர்களையும் நாயகிகளையும் வரைந்துகொண்டிருக்கிறேன். பாணி என்னுடையது அல்ல. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்துக் குயவர்கள் கையாண்ட கரிய உருவ முறைதான். சிவந்த மண்ணின் மேல் ஆளை முழுக்கக் கருப்பாக நிரப்பிவிட வேண்டும். பிறகு கண், தாடி, தசை, உடையின் பூவேலை எல்லாவற்றையும் கூரான முனையால் கீறிக் கீறி எடுக்க வேண்டும். கீறிய இடத்தில் அடியிலிருக்கும் சிவப்பு கோடாக வெளியே வரும்.

இந்த முறையில் யாரைப் பார்த்துப் பழகுவது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. எக்ஸீக்கியாஸ். கி.மு. 545 முதல் 530 வரையிலான ஆண்டுகளில் ஏதென்ஸில் வேலை செய்தவர். பானையை வனைந்தவரும் அவரே, படம் வரைந்தவரும் அவரே. அப்படிச் சொல்லிக் கையெழுத்தே போட்டிருக்கிறார். டிராய் போரை வரைந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஒரு பெரிய கதையில் எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்று இவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியவில்லை என்பது என் எண்ணம். அவருடைய மூன்று ஜாடிகளைத் தட்டுக்கு மாற்றி வரைந்து முடித்திருக்கிறேன். நான்காவது என் சொந்தக் கற்பனை. அது இன்னும் பென்சில் கோடாகத்தான் இருக்கிறது.

பொருள்கள் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு உதவும். பளபளப்புப் பூச்சு இல்லாத மண் தட்டு வேண்டும். நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்து, நைசான உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். மண் நேரடியாகப் பெயின்ட்டைக் குடித்துவிட்டால், கீறும்போது நுண்துளைகளில் கருப்பு தங்கிக் கோடு அழுக்காகத் தெரியும். அதனால் பசையை நீரில் கரைத்து மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, அது காய்ந்த பிறகே கருப்பு அக்ரிலிக். பளபளக்காத வகை நல்லது. பெயின்ட் கையில் ஒட்டாத நிலைக்கு வந்ததும் கீறத் தொடங்கலாம். ஈரம் இருந்தால் தோலாக உரியும், நாள் கடத்தினால் இறுகிவிடும். பருத்த கோடுகளுக்குக் கோணி ஊசி, தலைமுடிக்கும் தாடிக்கும் மெல்லிய தையல் ஊசியை ஒரு மரக்குச்சியில் செருகிக் கட்டிக்கொண்டால் போதும்.

முதல் தட்டு, அகிலீஸும் அயாக்ஸும் காய் உருட்டி விளையாடும் காட்சி. மூல ஜாடி வாட்டிகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 61 சென்டிமீட்டர். கிரேக்கப் படையின் முதல் வீரனும் அவனுக்கு அடுத்தவனும் ஒரு சின்ன மேடைக்கு இருபுறமும் உட்கார்ந்து குனிந்திருக்கிறார்கள். இருவர் கையிலும் இரண்டிரண்டு ஈட்டிகள், விளையாடும்போதுகூடக் கீழே வைக்கவில்லை. அகிலீஸ் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. அயாக்ஸ் தன்னுடையதைக் கழற்றிப் பின்னால் இருக்கும் கேடயத்தின் மேல் வைத்திருக்கிறான். அகிலீஸின் வாயருகே 'நான்கு' என்றும் அயாக்ஸின் வாயருகே 'மூன்று' என்றும் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் படம். டிராய் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் இந்தக் காட்சியே கிடையாது.

வரையும்போது புரிந்தது, நான்கு ஈட்டிகளும் கண்ணை அந்த மேடைக்கே இழுத்துக்கொண்டு போகின்றன. ஈட்டிகளின் சாய்வு கொஞ்சம் மாறினாலும் இருவரும் வெறுமனே எதிரெதிரே உட்கார்ந்தவர்களாகிவிடுகிறார்கள். அயாக்ஸின் குதிகால் தரையிலிருந்து லேசாக எழும்பியிருப்பதைப் பாருங்கள். தோற்கிறவனின் பதற்றம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. மேலங்கிகளின் பூவேலைதான் பொறுமையைக் கேட்டது. நட்சத்திரமும் பூவும் கட்டமும் ஓர் அங்குலத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரே மூச்சில் செய்யாமல் ஓர் அங்கியை முடித்துவிட்டு எழுந்துவிடுவது நல்லது, கண்ணுக்கும் கைக்கும்.

இனி இரண்டாவது தட்டு. எனக்கு இந்த முயற்சியில் எல்லாவற்றையும்விட நெருக்கமானது இதுதான்.

பெந்தெசிலியா, கிரேக்கக் கதைகளில் வரும் அமேசான் என்ற போர்ப்பெண்களின் அரசி. போர்த்தெய்வம் ஏரிஸின் மகள். டிராயின் இளவரசன் ஹெக்டர் இறந்த பிறகு டிராய்க்குத் துணையாக வந்தவள். இலியட் ஹெக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுவதால் இவள் அதில் வருவதில்லை. இவளைப் பாடிய பழைய காவியம் ஒன்று தொலைந்துபோய்ச் சுருக்கம் மட்டும் எஞ்சியிருக்கிறது. பல நூற்றாண்டுகள் கழித்து ஸ்மிர்னா நகரத்துக் குவின்டஸ் என்ற கவிஞர் அந்தக் கதையை விரிவாகப் பாடினார். வேட்டையில் தவறுதலாகத் தன் சகோதரியையே கொன்றுவிட்ட துயரத்தோடு, பன்னிரண்டு தோழியரை அழைத்துக்கொண்டு அவள் வருகிறாள். அகிலீஸைக் கொல்வேன் என்கிறாள். போரில் அகிலீஸின் ஈட்டி அவளை வீழ்த்துகிறது. தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைப் பார்த்த பிறகுதான் அவன் மனம் உடைகிறது. அதைக் கேலி செய்த தெர்சைட்டஸ் என்ற கிரேக்கனை அடித்தே கொன்றுவிடுகிறான்.

எக்ஸீக்கியாஸ் தலைக்கவசத்தைக் கழற்றும்வரை காத்திருக்கவில்லை. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த ஜாடியில், ஈட்டி கழுத்தில் இறங்கும் நொடியிலேயே இருவர் கண்களும் சந்தித்துவிடுகின்றன. அகிலீஸ் இடப்பக்கம், முழு உயரத்துக்கு நிற்கிறான். அவள் வலப்பக்கம், கால் மடங்கிச் சரிந்தபடி தலையைத் திருப்பி அவனைப் பார்க்கிறாள். உடைக்கு மேல் சிறுத்தைத் தோல். கழுத்திலிருந்து சிவப்பாக இரத்தம் பீறிடுகிறது.

கரிய உருவ முறையில் ஆணின் தோல் கருப்பு, பெண்ணின் தோல் வெள்ளை. அது அந்தக் காலத்துப் பொது வழக்கம், எக்ஸீக்கியாஸ் கண்டுபிடித்தது அல்ல. ஆனால் அகிலீஸின் தலைக்கவசம் முகத்தை மூடிக் கண்ணை மட்டும் காட்டுகிறது. அவள் முகமோ மூடப்படாமல் வெள்ளையாகத் திறந்து கிடக்கிறது. புத்தகத்தில் பார்த்தபோது இதை ஓர் அழகான முரணாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். கையால் செய்தபோதுதான் அதன் ஆழம் தெரிந்தது. அகிலீஸை உருவாக்க நான் கருப்பைச் சுரண்டிக்கொண்டே போனேன். கவசத்தின் விளிம்பு, தொடைத் தசை, கண் என ஒவ்வொன்றும் எதையோ அகற்றியதால் வந்தவை. பெந்தெசிலியாவுக்குச் சுரண்டுவது போதவில்லை. அவள் முகத்துக்கும் கைகளுக்கும் புதிதாக ஒரு நிறத்தை எடுத்துப் பூச வேண்டியிருந்தது. கருப்பின் மேல் வெள்ளை ஒரே பூச்சில் நிற்காது. மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, மீண்டும் பூசி என்று அவள் முகம் மெதுவாக மேலே வருகிறது. கொல்கிறவன் குறையக் குறையத் தெரிகிறான், சாகிறவள் சேரச் சேரத் தெரிகிறாள். இதை வரைந்து முடித்த பிறகு அந்த ஜாடியின் படத்தை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

கண்ணுக்கும் இந்த முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆணுக்கு வட்டக் கண், பெண்ணுக்கு நீண்டு கூர்ந்த கண். அவள் கண்ணை ஊசியால் கீற வேண்டாம். வெள்ளையையும் கருப்பையும் தாண்டி முனை மண்ணுக்கே போய்விடும். மிகச் சிறிய பிரஷ்ஷில் நீர்த்த கருப்பைத் தொட்டு வரைவதே சரி. இரு கண்களையும் கடைசியாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து வரையுங்கள். பார்வைகள் சந்திக்காவிட்டால் படத்தில் ஒன்றுமில்லை.

மூன்றாவது தட்டு அயாக்ஸின் கடைசி. அகிலீஸ் இறந்த பிறகு அவனுடைய ஆயுதங்கள் ஒடிசியஸ் என்ற இன்னொரு கிரேக்க வீரனுக்குக் கொடுக்கப்படுகின்றன. அந்த அவமானத்தைத் தாங்காமல் அயாக்ஸ் தன் வாளின் மேலேயே விழுந்து சாகிறான். மற்ற ஓவியர்கள் அவன் வாளில் விழுந்து கிடப்பதை வரைந்தார்கள். பிரான்ஸின் பூலோன் நகரில் உள்ள ஜாடியில் எக்ஸீக்கியாஸ் அதற்கு முந்தைய நொடியைப் பிடித்திருக்கிறார். ஆள் யாருமில்லாத இடம். ஒரு பக்கம் பனை வகை மரம், மறு பக்கம் அவன் கேடயமும் தலைக்கவசமும். நடுவில் அயாக்ஸ் குந்தி உட்கார்ந்து, வாள் சாயாமல் நிற்கும்படி மண்ணை அணைத்துக்கொண்டிருக்கிறான். நெற்றியில் கீறிய சில கோடுகள்தான் அவன் முகபாவம் முழுவதும். முதல் தட்டில் கேடயத்தின் மேல் தலைக்கவசத்தை வைத்துவிட்டு விளையாடியவன் இவன்தான். இரண்டையும் அடுத்தடுத்து வரைவதால் அது மனதை அறுக்கிறது.

இலியட்டின் ஏழாம் பாகத்தில் ஹெக்டரும் அயாக்ஸும் ஒற்றைக்கு ஒற்றை சண்டையிட்டு, இருட்டியதும் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்துப் பிரிகிறார்கள். அயாக்ஸ் கொடுத்தது இடைவார், ஹெக்டர் கொடுத்தது வாள். அதே வாளில்தான் அயாக்ஸ் விழுந்தான் என்று கிரேக்க நாடகாசிரியர் சொஃபக்ளீஸின் நாடகம் சொல்கிறது. அதனால் அந்த வாளின் கைப்பிடிக்கு மட்டும் என் தட்டில் சிவப்பைச் சேர்த்தேன். மூலத்தை மாற்றிய ஒரே இடம் அது.

இதற்கிடையில் உண்மையான கருப்பைச் செய்து பார்க்கும் ஆசையும் வந்தது. ஏதென்ஸ் ஜாடிகளின் அந்தக் கருப்பு, பெயின்ட்டே கிடையாது. பானை செய்த அதே வகை மண்ணை மிக நைசாக வடித்தெடுத்த குழம்பு. பூசும்போது கருப்பாகவே இருக்காது. சூளைதான் கருப்பாக்குகிறது. முதலில் காற்று உள்ளே போகும்படி சுமார் 800 டிகிரி வரை சுடுவார்கள், எல்லாமே சிவக்கும். பிறகு காற்றை அடைத்துப் பச்சை விறகு போட்டு 950 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோவார்கள், எல்லாமே கறுக்கும். நைசான குழம்பு அந்தச் சூட்டில் கண்ணாடித்தன்மை பெற்று இறுகிக்கொள்ளும். கடைசியில் மறுபடி காற்றைத் திறந்தால் கரடான மண் சிவப்புக்குத் திரும்பிவிடும். இறுகிய குழம்புக்குள் காற்று புக முடியாததால் அது கருப்பாகவே நின்றுவிடும். மண்ணில் இருக்கும் இரும்பு செய்யும் வேலை இது.

நான் தட்டு வாங்கும் குயவர் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "தண்ணியில கரைச்சு ஆடாம அசையாம வைங்க தம்பி. அடியில தங்குறது மண்ணு. மேல நிக்கிறது மண்ணோட வெண்ணெய்," என்றார். மழைநீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்பாகத்தை மட்டும் ஊற்றியெடுத்து, நிழலில் வற்றவிட்டு வைத்திருக்கிறேன். விரலில் தொட்டால் மணல் உறுத்தல் சிறிதும் இல்லை. சுடாத ஓட்டுத் துண்டுகளில் பூசிக் காயவைத்திருக்கிறேன். சூளையில் காற்றை அடைத்துத் திறக்கும் பக்குவம் அவர் கையில்தான் இருக்கிறது. அடுத்த சூளை வைக்கும்போது ஓர் ஓரத்தில் என் துண்டுகளுக்கும் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கவசம் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஜாடிகளில் அகிலீஸ் அணிந்திருப்பது ஓவியர் வாழ்ந்த காலத்துக் கவசம். கதை நடந்ததாகச் சொல்லப்படும் வெண்கலக் காலத்துக் கவசம் வேறு. 1960இல் கிரேக்கத்தின் டென்ட்ராவில் ஒரு கல்லறையில் கிடைத்த வெண்கலக் கவசம் கழுத்திலிருந்து தொடைவரை பட்டை பட்டையாக உடம்பையே மூடிவிடும். இலியட்டின் பத்தாம் பாகத்தில் ஒடிசியஸ் அணியும் காட்டுப்பன்றிப் பல் தலைக்கவசம் போன்றவையும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. வரலாற்றுச் சரியாக வரைய விரும்புவோர் அவற்றைப் பின்பற்றலாம். நான் எக்ஸீக்கியாஸ் வழியிலேயே போகிறேன்.

நான்காவது தட்டுக்கு ஆந்த்ரோமக்கியை எடுத்திருக்கிறேன். ஹெக்டரின் மனைவி. அவளுடைய தந்தையையும் ஏழு சகோதரர்களையும் கொன்றவன் அகிலீஸ். பெந்தெசிலியா வந்து சூளுரைக்கும்போது, ஹெக்டராலேயே முடியாததை நீ எப்படிச் செய்வாய் என்று உள்ளுக்குள் வருந்துகிறவளும் அவள்தான் என்று குவின்டஸ் பாடுகிறார். வாளைத் தொடாத இவளையும் நான் இந்தப் போரின் நாயகி என்றுதான் சொல்வேன்.

எல்லோரும் வரைவது ஆறாம் பாகத்துக் காட்சியை. தலைக்கவசத்தின் குதிரைமுடிக் குஞ்சத்தைப் பார்த்துக் குழந்தை அலற, ஹெக்டர் அதைக் கழற்றித் தரையில் வைக்கும் இடம். நான் எடுத்திருப்பது இருபத்திரண்டாம் பாகம். ஹெக்டர் இறந்தது அவளுக்கு இன்னும் தெரியாது. தறியில் செந்நீலத் துணியில் பூவேலை செய்துகொண்டே, அவன் குளிக்க வெந்நீர் போடச் சொல்கிறாள். மதில் பக்கத்திலிருந்து ஓலம் கேட்கிறது. நெசவு நாடா கையிலிருந்து விழுகிறது.

நாடா விரலை விட்டு நழுவி, தரையைத் தொடாமல் இருக்கும் நொடியை வரைகிறேன். தறிக்கு நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள அமாசிஸ் ஓவியரின் சிறு குப்பியைப் பின்பற்றுகிறேன். கி.மு. 550–530 அளவிலானது, 17 சென்டிமீட்டர் உயரம்தான், அதற்குள் பெண்கள் நிற்கும் தறியில் நெய்கிறார்கள். பாவு நூல்கள் கீழே எடைக்கற்களால் இழுக்கப்பட்டுத் தொங்குவது அதில் தெளிவாகத் தெரியும். என் பென்சில் வரைவில் தறி வலப்பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டதால் அவள் முகத்துக்கு இடம் போதவில்லை. தறியைப் பாதியாக வெட்டி, ஒரு தூணையும் சில எடைக்கற்களையும் மட்டும் வைத்து, முகத்தை ஓலம் வந்த பக்கம் திருப்பி மறுபடி வரைந்துகொண்டிருக்கிறேன். இது சரியாக அமைந்தால் கருப்பு பூசத் தொடங்குவேன்.