கடைசி வாங்கில் 15 நிமிடம்

கிரிக்கெட் அணியைப் பற்றியும் விடுதிக் குறும்புகளைப் பற்றியும் பாடசாலை மலரில் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் சிற்றாலயத்தின் கடைசி வாங்கைப் பற்றி எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பிலேயே எனக்குக் குருவாகும் தேவ அழைத்தல் இருக்கிறதென்று முடிவு கட்டிவிட்டேன். காரணம் கொஞ்சம் வெட்கக்கேடானது. பூசை உதவிக்குப் பீடத்தில் நிற்கையில் ஆலயமே என்னைப் பார்ப்பது பிடித்திருந்தது. விடுதிப் பொறுப்பாளரான பாதரிடம் போய்ச் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைப்பு.

"ஒருத்தரும் பார்க்காத நேரத்திலயும் செபிக்க விருப்பமா?" என்றார். வாயடைத்து நின்றேன். "அப்ப நாளையில இருந்து விளையாட்டு நேரத்தில 15 நிமிஷம் சிற்றாலயத்தில இரும். செபப்புத்தகம் வேண்டாம். சும்மா இரும்."

சும்மா இருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை. வெளியே பந்து அடிபடும் சத்தம். நற்கருணைப் பேழையருகே சிவப்பு விளக்கு. முன்வாங்கின் முதுகில் யாரோ கவராயத்தால் கீறிய எழுத்துகளை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! பத்து நிமிடமாவது போயிருக்கும் என்று மணிக்கூட்டைப் பார்த்தால் நாலுதான். மூன்றாம் வாரமளவில் ஒருநாள் பார்க்க மறந்துபோனேன். குரலுமில்லை, ஒளியுமில்லை. பக்கத்தில் யாரோ இருப்பதுபோல ஓர் அமைதி, அவ்வளவுதான். அதுவரை விசுவாசம் என்றால் எனக்கு ஞானோபதேச வகுப்பில் பாடமாக்கிய விடைகள்.

இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் கதையைப் பாதர் சொன்னது அதன்பிறகுதான். 1521இல் ஸ்பெயினின் பம்ப்லோனாச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்துவிட, சொந்த ஊரான லொயோலாவில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். கேட்ட வீரக் கதைகள் வீட்டில் இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும். வீரதீரக் கனவுகள் காணும்போது இனித்தன, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப்போல வாழும் கனவோ முடிந்தபின்னும் இனித்தது. "பிறகு நிக்கிற ருசியைப் பாரும்" என்ற பாதர், தினமும் இரவில் கொப்பியில் இரண்டு வரி எழுதச் சொன்னார்: இன்று மனதை லேசாக்கியது எது, கசக்க வைத்தது எது.

தவணைப் பரீட்சையில் கணிதம் காலை வாரியதும், "எனக்கு அழைத்தலே இல்லை" என்று போய் நின்றேன். மனம் இருண்டிருக்கையில், முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பது இஞ்ஞாசியார் விதி. "பொறும்" என்றார் பாதர். சில நாள் ஒதுங்கியிருந்து செபிக்கும் ஞான ஒடுக்கத்தில் அழுது கரைந்து, இன்றே குருமடம் போகிறேன் என்றபோதும் அதே "பொறும்". எனக்கு வந்ததே கோபம்! உருக்கத்தில் அவசரப்பட்டு வாக்குக் கொடுப்பதையும் இஞ்ஞாசியார் எச்சரித்திருப்பதை, அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் பின்னாளில்தான் கண்டேன்.

கடைசியில் குருமடம் போனேன். மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு, குருப்பட்டத்துக்கு 25 வயது நிறையவேண்டும். இவ்வளவு நீளமா என்று எரிச்சல்பட்டவன், மெய்யியல் முடியுமுன்பே வெளியே வந்தேன். காரணம் கொப்பிகள். செபித்த நாட்களெல்லாம் லேசு; பங்குக் கோயில் பணிக்கு அனுப்பிய நாட்களில் ஒரே கசப்பு. எனக்குச் செபம் பிடித்தது, மக்களை மேய்ப்பது பிடிக்கவில்லை. துறவு மடம் போயிருக்கலாமே என்பீர்கள். அதையும் யோசித்தேன், ஆறு மாதமாகியும் கொப்பி அதற்கு வாய் திறக்கவில்லை.

பாதரின் முகத்தில் எப்படி விழிப்பதென்று பயந்துகொண்டே போனேன்.

"அந்த 15 நிமிஷம் நடக்குதா?"

"நடக்குது பாதர். இன்னும் மணிக்கூட்டைத்தான் பார்க்கிறன்."

"நானும்தான்" என்றார்.