ஆறு கணினிக்கும் ஒரே அமைப்பு: டிகான்ஃப் எடிட்டரோடு பதினைந்து நாள்

மன்னார்குடியில் அப்பா நடத்திவந்த தட்டச்சுப் பயிலகத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். முன் அறையில் ரெமிங்டனும் ஹால்டாவுமாகப் பத்து மிஷின். பின் அறையில் ஆறு கணினி. வடுவூர், நீடாமங்கலம், கூத்தாநல்லூர் பக்கமிருந்தெல்லாம் பிள்ளைகள் பஸ் ஏறி வருகிறார்கள். லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வு இரண்டும் முடித்தால் டைப்பிஸ்ட் வேலைக்கு எழுதலாம் என்பது வீட்டில் சொல்லி அனுப்பும் கணக்கு. 2018 நவம்பரில் கஜா அடித்துக் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் முன் அறை மட்டும்தான் ஓடியது. பின் அறையைத் திறக்கவே இல்லை. அதனால் அந்த மிஷின்களை எடைக்குப் போட எனக்கு இன்றுவரை மனம் வரவில்லை.

கணினிகள் எல்லாமே பழையவை. விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று ஆதரவு முடிந்தது. புதிதாக ஆறு வாங்கும் நிலைமையில் நான் இல்லை. ரேமை 8 ஜிபி ஆக்கி, எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு 24.04 என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றலாம் என்று முடிவுசெய்தேன். என்னிடம் லோயர் படித்துவிட்டு இப்போது பாலிடெக்னிக் போகும் தம்பி ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆறிலும் ஏற்றிக் கொடுத்தான். அதுவரை ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் வகுப்பில் தொடங்கியது. கரும்பலகையில் கடிதத்தின் அமைப்பை விளக்கிவிட்டுத் திரும்பினால் ஆறு திரையும் இருண்டு, பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்கும். ஒரு பையன் பின்னணிப் படத்தை மாற்றிவிடுவான். அடுத்த பேட்சில் ஒரு பெண் தெரியாமல் தமிழ் விசைப்பலகையையே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவாள். தமிழ் என்றாலும் எனக்கு ஒன்று போதாது. மிஷினில் பழகிய பிள்ளைகளுக்குத் தட்டச்சுப்பொறி அமைப்பு வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் தமிழ்99 சொல்லித்தருகிறேன். மிஷினில் ‘கெ’ அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க. தமிழ்99இல் முதலில் க, அப்புறம் எ. ஒரு கை இரண்டையும் ஒரே வாரத்தில் பழக முடியாது. யாருக்கு எது வேண்டுமோ அது எல்லாக் கணினியிலும் அதே இடத்தில், அதே வரிசையில் இருந்தாக வேண்டும். தினமும் காலை 6 மணி பேட்ச் வருவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் திறந்து சரிசெய்துகொண்டிருந்தேன். ஒரு மாதம் அப்படித்தான் போனது.

உபுண்டுவின் வழக்கமான செட்டிங்ஸ் பக்கத்தில் நான் தேடியவற்றில் பாதிதான் இருந்தன. மாற்றியதைப் பூட்டிவைக்க அங்கே வழியே இல்லை. தம்பியிடம் போனில் கேட்டேன். “மிஸ், டிகான்ஃப் எடிட்டர்னு ஒண்ணு இருக்கு, போட்டுப் பாருங்க. ஆனா எதையும் படிக்காம மாத்திடாதீங்க” என்றான். உபுண்டுவின் உள் அமைப்புகளைத் திறந்து பார்த்து மாற்ற உதவும் செயலி அது.

நிறுவித் திறந்ததும் முதல் திரையே ஓர் எச்சரிக்கை. இங்கே கை வைத்தால் செயலிகள் கெட்டுப்போகலாம், கவனமாக இருப்பேன் என்று ஒப்புக்கொண்டு உள்ளே வா என்கிறது. எனக்குக் கை நடுங்கியது. காரணம் உண்டு. விண்டோஸில் ஒருமுறை பென் டிரைவை முடக்க, அதன் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்திருக்கிறேன். 3 என்ற எண்ணை 4 ஆக்கினால் பென் டிரைவ் வேலை செய்யாது என்று யாரோ சொன்னார்கள். மாற்றினேன், வேலை செய்யவில்லை, சரி. ஆனால் அந்த 3 எதைக் குறிக்கிறது, 4 எதைக் குறிக்கிறது, முன்னால் என்ன இருந்தது என்று அந்தத் திரையில் ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. எழுதிவைக்காமல் விட்டிருந்தால் அவ்வளவுதான். அந்த பயத்தோடுதான் இதற்குள்ளும் போனேன்.

இது வேறு மாதிரி இருந்தது. வீட்டு அலமாரி போலக் கோப்புறைக்குள் கோப்புறை. ஆர்க், அதற்குள் க்னோம், அதற்குள் டெஸ்க்டாப், அதற்குள் இன்னும் பல. ஓர் அமைப்பைத் தொட்டால் அதற்கென்று ஒரு பக்கம் திறக்கிறது. இது என்ன செய்யும் என்று ஒரு சுருக்கம், கீழே விளக்கம், எந்த வகை மதிப்பு, எதிலிருந்து எது வரை போகலாம், டிஃபால்ட் மதிப்பு என்ன, எல்லாம் அங்கேயே. டிஃபால்ட் மதிப்பையே பயன்படுத்து என்று ஒரு சுவிட்ச். அதை அணைத்தால்தான் நம் மதிப்பை எழுதமுடியும். திரும்ப ஏற்றினால் பழையபடி ஆகிவிடும். அந்தச் சுவிட்சைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நான் என்ன மாற்றினாலும் மூலம் அழியாது.

அது ஏன் அழியாது என்று பிறகு தம்பி விளக்கினான். ஒவ்வொரு செயலியும் தன் அமைப்புகளின் பெயர், வகை, டிஃபால்ட் மதிப்பு, விளக்கம் எல்லாவற்றையும் ஸ்கீமா என்ற கோப்பில் எழுதி உடன் கொண்டுவருகிறது. நாம் மாற்றியது மட்டும் நம் கணக்கின் மறைவான கோப்புறையில், டிகான்ஃப் என்ற தனிக் கிடங்கில் சேர்கிறது. உபுண்டுவின் திரைத் தோற்றத்தைத் தரும் மென்பொருள் க்னோம். 2011இல் க்னோம் 3 வந்தபோது ஜிகான்ஃப் என்ற பழைய கிடங்கு இருந்த இடத்துக்கு இது வந்ததாம். அந்தக் கிடங்கு சாதாரண எழுத்துக் கோப்பு இல்லை, திறந்தால் படிக்க முடியாது. அதனால்தான் இப்படி ஒரு எடிட்டர் தேவைப்படுகிறது.

முதல் நாள் நான் ஒன்றையும் மாற்றவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு படித்தேன், அவ்வளவுதான். எனக்கு வேண்டியதைத் தேடல் பெட்டியில் போட்டுக் கண்டுபிடித்து, நட்சத்திரக் குறியைத் தொட்டுச் சேமித்துக்கொண்டேன். திரை இருள்வதற்கான நேரம், பூட்டுத் திரை, பின்னணிப் படம், விசைப்பலகைப் பட்டியல். மேலே ஓடும் கடிகாரத்தில் விநாடி காட்டும் ஓர் அமைப்பும் கண்ணில் பட்டது. வேகப் பயிற்சி வைக்கும் எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! மறுநாள் முதல் வேலையாக அதை ஏற்றினேன்.

விசைப்பலகைப் பட்டியலில் முதல் தடுக்கல். அது அடைப்புக்குறிகளும் மேற்கோள்குறிகளுமாக ஒரே வரியில் இருக்கிறது. ஆங்கிலம், தட்டச்சுப்பொறி, தமிழ்99 என்ற வரிசையில் எழுதினேன். ஒரு மேற்கோள்குறி விட்டுப்போனபோது எடிட்டர் ஏற்கவே இல்லை. சரி, தப்பு செய்தால் தடுத்துவிடும் என்று நம்பிவிட்டேன். அடுத்த முறை ஏற்றுக்கொண்டது. ஆனால் மேலே பட்டையில் தமிழ்99ஐக் காணோம். அரைமணி நேரம் தேடினேன். அமைப்பின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருக்கிறேன். வரியின் வடிவம் சரியா என்றுதான் எடிட்டர் பார்க்கும். அந்தப் பெயரில் ஒரு விசைப்பலகை உண்மையில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இந்த வரியை யாரும் கையால் அடிக்க வேண்டாம் என்று இப்போது சொல்கிறேன். வழக்கமான செட்டிங்ஸில் விசைப்பலகைகளைச் சேர்த்துவிட்டு, எடிட்டரில் வந்து பார்த்தால் சரியான வரி தானாக நிற்கும். வரிசையை வேண்டுமானால் அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

பின்னணிப் படத்தில் ஒரு சின்ன விஷயம். படத்துக்கு இரண்டு அமைப்பு இருக்கிறது, வெளிர் தோற்றத்துக்கு ஒன்று, கருந்தோற்றத்துக்கு ஒன்று. நான்காவது கணினியை யாரோ கருந்தோற்றத்தில் வைத்திருந்ததால், நான் படம் மாற்ற மாற்ற அது மாறவே இல்லை. இரண்டிலும் எழுதிய பிறகுதான் மாறியது.

பயந்தது எழுத்தின் அளவில் நடந்தது. நாற்பது வயதுக்கு மேல் படிக்க வரும் ஓர் அக்கா, கண்ணாடி போட்டும் திரை எழுத்து தெரியவில்லை என்றார். எழுத்து அளவைப் பெருக்கும் அமைப்பு 0.5இலிருந்து 3.0 வரை போகும், டிஃபால்ட் 1.0. நான் 1.3 என்று எழுத நினைத்தேன். முன்னால் இருந்த 1உம் புள்ளியும் அழிந்து 3 மட்டும் நின்றதைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். ஒரே நொடியில் திரை முழுக்க யானை யானையாக எழுத்து. எடிட்டரின் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே போய்விட்டது, சுவிட்சைத் தொட முடியவில்லை. அந்த அக்கா பயந்து எழுந்தே விட்டார். கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தி, கட்டளைகள் அடிக்கும் டெர்மினலைத் திறந்து, அந்த ஓர் அமைப்பை மட்டும் ரீசெட் செய்யும் ஜிசெட்டிங்ஸ் கட்டளையை அடித்தேன். பழையபடி ஆனது. கட்டளை எனக்கு மனப்பாடம் இல்லை. முதல் நாள் படித்தபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். அன்று அந்த நோட்டு இல்லாவிட்டால் வகுப்பைக் கலைத்துவிட்டுத் தம்பி வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிறகு 1.25 வைத்துக் கொடுத்தேன். “இப்ப நல்லா தெரியுதும்மா” என்று சொல்லிவிட்டு அந்த அக்கா விட்ட இடத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.

இப்படி முதல் கணினி முழுதாகத் தயாரானது. ஆனால் எடிட்டரில் செய்வது அந்தக் கணினியில், அந்தக் கணக்குக்கு மட்டும்தான். மாற்றாமல் தடுக்கவும் அதனால் முடியாது. ஆறிலும் ஒரே மாதிரி வைத்துப் பூட்ட வேண்டுமென்றால் கணினிக்கே பொதுவான கிடங்கு ஒன்று தனியாக வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்வது எளிது. வாய்க்கால் தலைப்பில் ஷட்டர் இருக்கும். எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று அங்கே முடிவாகும். ஆனால் கீழே அவரவர் வயல் மடையை அவரவர் வெட்டிக்கொள்ளலாம். டிகான்ஃபிலும் கணினியின் பொதுக் கிடங்கு தலைப்பு மாதிரி. மாணவரின் சொந்தக் கிடங்கு மடை மாதிரி. இரண்டிலும் மதிப்பு இருந்தால் மடையில் இருப்பதுதான் செல்லும். அந்த ஓர் அமைப்புக்குப் பூட்டு போட்டால் மட்டும் தலைப்பில் இருப்பது செல்லும், மடையை யாரும் தொட முடியாது.

இதற்கு எழுத்துக் கோப்புகள் மூன்று எழுத வேண்டும். எந்தக் கிடங்கை எந்த வரிசையில் பார்ப்பது என்று இரண்டே வரியில் ஒன்று, மதிப்புகள் கொண்டது ஒன்று, எதெதைப் பூட்டுவது என்ற பட்டியல் ஒன்று. எல்லாம் கணினியின் பொது அமைப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறைக்குள் டிகான்ஃப் என்ற இடத்தில். மதிப்புக் கோப்பில் பாதையைச் சதுர அடைப்புக்குள், முன்னால் சாய்கோடு இல்லாமல் எழுத வேண்டும். பூட்டுப் பட்டியலிலோ அடைப்பு கிடையாது, சாய்கோட்டில்தான் தொடங்க வேண்டும். இதில் நான் தடுமாறியது ஒரு மாலை.

எழுதி முடித்துக் கணினியை நிறுத்தித் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுதிய பிறகு டிகான்ஃப் அப்டேட் என்ற கட்டளையை நிர்வாகி உரிமையோடு ஓட்ட வேண்டும், அப்போதுதான் அந்த எழுத்துக் கோப்புகள் கிடங்காக மாறும். ஓட்டினேன். பின்னணிப் படம் வந்தது, விசைப்பலகை வந்தது, பூட்டும் விழுந்தது. திரை மட்டும் ஐந்து நிமிடத்தில் இருண்டது.

இதில்தான் எனக்கு இரண்டு நாள் போனது. நேரம் 300 விநாடி என்பது டிஃபால்ட். 0 என்றால் இருளவே கூடாது. முதல் கணினியில் எடிட்டர் வழியாக 0 போட்டேன், ஒழுங்காக வேலை செய்தது. கோப்பில் அதே 0ஐ எழுதினேன், வேலை செய்யவில்லை. கடைசியில் எடிட்டரில் அந்த அமைப்பின் பக்கத்தைத் திறந்து, நான் எப்போதும் தாண்டிப்போகும் ஒரு வரியைப் படித்தேன். மதிப்பின் வகை: குறியற்ற 32 பிட் எண், அதாவது கழித்தல் குறிக்கே இடமில்லாத எண். வெறும் 0 என்று எழுதினால் கணினி அதைக் குறியுள்ள எண் என்று எடுத்துக்கொள்கிறது. வகை பொருந்தாததால் பேசாமல் தள்ளிவிட்டு டிஃபால்ட்டுக்குப் போய்விடுகிறது. தவறு என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. எண்ணுக்கு முன்னால் யுஇன்ட்32 என்று வகையைச் சேர்த்து எழுதினேன். சரியானது.

அன்றிரவு தம்பியிடம் சொன்னபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இதை எல்லாம் நான் கையால் எழுதியிருக்கவே வேண்டாம். எடிட்டரில் ஒரு கணினியைச் சரியாக அமைத்துவிட்டு, டெர்மினலில் டிகான்ஃப் டம்ப் என்று அடித்து ஒரு சாய்கோடு போட்டால், நாம் மாற்றிய அத்தனையும் வகையோடு, அடைப்போடு, அந்தக் கோப்புக்கு வேண்டிய அதே வடிவில் வந்து விழுகிறது. வேண்டாத வரிகளை நீக்கினால் மதிப்புக் கோப்பு தயார். எடிட்டரை வெறும் மாற்றும் கருவியாக நினைக்காதீர்கள். அதில் அமைத்து, அதில் படித்துச் சரிபார்த்து, அங்கிருந்தே கோப்பை எடுங்கள். நான் தலைகீழாகச் செய்து நாட்களை விட்டேன்.

மீதி ஐந்தும் ஒரே மாலையில் முடிந்தன. மழைக்காலம், வெளியே நல்ல மழை, இரண்டு முறை கரண்ட் போனது. பென் டிரைவில் மூன்று கோப்பு, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டளை, வெளியேறி உள்ளே வருவது, அவ்வளவுதான். பூட்டிய அமைப்பை மாணவர் கணக்கில் எடிட்டரைத் திறந்து மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை.

எழுத்து அளவை மட்டும் நான் பூட்டவில்லை. அந்த அக்கா போல இன்னும் யாராவது வருவார்கள். ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஓர் அளவு வேண்டியிருக்கும். போன வாரம் அவரே எடிட்டரைத் திறந்து, விளக்கத்தைக் கூத்தாநல்லூரிலிருந்து வரும் ஒரு பெண்ணிடம் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டு, 1.25ஐ 1.4 ஆக்கிக்கொண்டார். பழைய எண்ணை நோட்டில் எழுதிவிட்டுத்தான் மாற்றினார்.