குத்துவிளக்குக் கடையின் இணையதளத்தை இடம் மாற்றிய ப்ராஜெக்ட்: வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி வருடம் படித்தபோது, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடையின் இணையதளத்தைப் பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு மாற்றுவதை ப்ராஜெக்டாக எடுத்தேன். வகுப்பில் பாதிப்பேர் நூலக மேலாண்மை, வருகைப் பதிவேடு என்று எடுத்தார்கள். நீங்கள் இன்னும் தலைப்பு முடிவு செய்யவில்லை என்றால், ஊரில் உண்மையாக வியாபாரம் நடக்கிற ஒரு தளத்தைக் கேட்டு வாங்குங்கள். நாம் தப்பு செய்தால் ஒருவருக்கு அன்றைய வியாபாரம் போகும் என்ற பயம் இருந்தால்தான் இந்த வேலை மனதில் பதிகிறது.

நான் செய்த முதல் தப்பு, நாள் பார்க்காதது. டிசம்பரில் ப்ராஜெக்ட் தொடங்கியது. மார்கழி முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு, தை பிறந்து முகூர்த்தங்கள் ஆரம்பித்த வாரத்தில் தளத்தை மாற்றினேன். கல்யாணச் சீருக்கு விளக்கு வாங்குகிறவர்கள் தேடி வருகிற வாரம் அது. மார்கழியில் கல்யாணம் கிடையாது, கடையும் ஓய்வாக இருந்தது. அப்போதே முடித்திருக்க வேண்டும். எந்தக் கடையாக இருந்தாலும் அவர்கள் காலண்டரை முதலில் கேளுங்கள். துணிக்கடைக்குத் தீபாவளி, விளக்குக் கடைக்குக் கார்த்திகையும் தையும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாற்றவே மாற்றாதீர்கள். சனி, ஞாயிறு உதவிக்கு ஆள் கிடைக்காது.

அடுத்தது மின்னஞ்சல். மூன்றாம் நாள் காலையில் கடைக்காரர் கூப்பிட்டார். “ஏம்மா, ரெண்டு நாளா ஒரு மெயிலும் வரல. சிங்கப்பூர்லேர்ந்து அனுப்புனது திரும்பிப் போச்சாம், ஃபோன் பண்ணிக் கேக்குறாங்க.” தளம் அழகாகத் திறந்ததைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று நான் இருந்துவிட்டேன். நடந்தது இதுதான்: தளத்தின் பெயருக்கு உரிய விவரங்களைச் சொல்லும் நேம்சர்வரையே நான் மாற்றியிருந்தேன். பழைய இடத்தில் இருந்த எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு), எஸ்பிஎஃப் (நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பட்டியல்) எழுதிய டெக்ஸ்ட் ரெக்கார்டு எதையும் புதிய இடத்தில் எழுதவில்லை. கடையின் மெயில் சர்வர் எது என்று அனுப்புகிறவர் சர்வருக்குத் தெரியவில்லை.

தளம் மட்டும் இடம் மாறுகிறது என்றால் நேம்சர்வரைத் தொடவே வேண்டாம். தளத்தின் பெயரைச் சர்வரின் எண் முகவரியோடு (ஐபி) இணைக்கும் ஏ ரெக்கார்டை மட்டும் புதிய ஐபிக்கு மாற்றினால் போதும். அதற்கும் இரண்டு நாள் முன்பே டிடிஎல் மதிப்பை (பழைய விவரத்தை மற்ற கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு) 86400 விநாடியிலிருந்து 300க்கு இறக்கிவிடுங்கள். 86400 என்பது ஒரு முழு நாள். அதை அப்படியே விட்டால், சிலருக்கு ஒரு நாள் வரை பழைய தளமே திறக்கும். எங்களுக்கு அப்படித்தான் இரண்டு ஆர்டர்கள் பழைய டேட்டாபேஸில் விழுந்து கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்துக் கையால் பதிவு செய்தேன். மாற்றுகிற நேரத்தில் பழைய தளத்தில் ஆர்டர் வாங்குவதை நிறுத்திவைப்பது இதனால்தான்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு அதிக நாள் பிடித்தது. தமிழ் முகவரிகள். பழைய தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஓடியது. விளக்குகளின் பெயர்கள் தமிழில், பக்க முகவரிகளும் தமிழில். புதிய தளத்தில் முகவரிகள் வேறு வடிவம் என்பதால், பழையதிலிருந்து புதியதற்கு 301 திருப்பல் (பழைய முகவரிக்கு வருகிறவரைத் தானாகவே புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) எழுத வேண்டியிருந்தது. விளக்கின் பெயர்தானே முகவரி என்று நினைத்து, பெயர்களைப் பார்த்து நானே பட்டியலைத் தட்டச்சு செய்தேன். பாதிக்கு மேல் 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்ற பிழை.

எந்த முகவரிகளைக் கேட்டு வந்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் லாகைத் திறந்து வரிவரியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் முறையான யூனிகோடில் ‘விளக்கு’ என்ற சொல் 7 குறிகள் (புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனிக் குறிகள்). அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 21. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாக விரிகிறது. ஆக, ‘விளக்கு’ மட்டுமே 63 எழுத்து! வேர்ட்பிரஸ் இந்த முகவரித் துண்டை 200 எழுத்துக்குள் வெட்டிவிடுகிறது. “ஐந்துமுகக் குத்துவிளக்கு அன்னம் வைத்தது மூன்று அடி” என்ற பெயர் அன்னத்தை எட்டும் முன்பே நின்றுவிட்டது. நான் எழுதிய முழு முகவரி அங்கே இருந்ததே இல்லை.

இன்னொன்றும் இருந்தது. ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். சர்வருக்கு அவை வெவ்வேறு முகவரிகள். ‘நாச்சியார்கோவில்’ என்று தொடங்கும் பக்கங்கள் எல்லாம் இப்படித்தான் மாட்டின. அதனால் பழைய முகவரியை ஒருபோதும் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். பழைய சைட்மேப் (தளத்தின் பக்கப் பட்டியல்), சர்ச் கன்சோல் (கூகுள் தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் கருவி), சர்வர் லாக் மூன்றிலிருந்தும் நகலெடுத்து ஒரே தாளில் சேருங்கள். இந்தப் பட்டியல் முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள். நான் புலம்பியதைக் கேட்ட அப்பா, “வயல் தயாராகாம நாத்தப் பறிச்சா கட்டு வரப்புலயே வாடிரும்” என்றார். ஒரு வரியில் என் ப்ராஜெக்டையே சொல்லிவிட்டார்.

பட்டியலில் வராத முகவரிகளும் உண்டு. கடையின் அட்டைப்பெட்டிகளில் கியூஆர் கோடு அச்சடித்திருந்தார்கள், விளக்கைப் பூட்டும் முறையைக் காட்டும் பக்கத்துக்கு. பீடம், தண்டு, தட்டு, அன்னம் எல்லாம் மரை போட்டுக் கழற்றி அனுப்புகிற விளக்கு அது. வாங்கியவர் பெட்டியைப் பிரித்து ஸ்கேன் செய்தால் வெற்றுப் பக்கம். அச்சடித்த பெட்டிகள் பரண் வரை அடுக்கியிருந்தன. விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், வாட்ஸாப்பில் அனுப்பும் கேட்டலாக் எல்லாவற்றையும் கடைக்கே போய்க் கையில் எடுத்துப் பாருங்கள்.

சின்னதாக மற்றவை: சோதனைத் தளத்தில் தேடுபொறிகளைத் தடுக்கப் போட்ட டிக்கை, திறந்த அன்றே எடுத்துவிடுங்கள். பணம் செலுத்தும் சேவையில் பதிந்த முகவரியைச் சரிபார்த்து, ஒரு ரூபாய்க்காவது உண்மையான ஆர்டர் போட்டுப் பாருங்கள். பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்தால்தான் அது பேக்கப்.

வைவாவில் வெளித்தேர்வாளர் ப்ரோகிராம் வரிகளைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. 301க்கும் 302க்கும் வித்தியாசம் கேட்டார். நிரந்தரம், தற்காலிகம் என்றேன். “பழைய பக்கங்கள் எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிட்டால் வேலை சுலபம்தானே?” என்றார். அப்படிச் செய்தால் கூகுள் அதைப் பக்கம் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும், மூன்றடி விளக்கைத் தேடி வந்தவரும் முகப்பில் திகைத்து நிற்பார் என்று சொன்னேன். பிறகு அந்த 404 லாகின் அச்சுப்படியை எடுத்து வைத்து, ‘கோ’ எழுத்தின் இரண்டு வடிவங்களையும் காட்டினேன். அதற்குப் பிறகு அவர் கேட்டது எல்லாம் அதைப் பற்றித்தான். தப்புகளை மறைக்காமல் தேதியோடு ரெக்கார்டு நோட்டில் எழுதி வையுங்கள். வைவாவில் நீங்கள் தடுமாறாமல் பேசப்போவது அந்தப் பக்கங்களைப் பற்றித்தான்.

திருப்பல்களை எத்தனை நாள் வைத்திருப்பது என்று கடைசியாகக் கேட்டார். குறைந்தது ஒரு வருடம் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. பரணில் இருக்கும் பெட்டிகள் தீரும்வரை என்பது கடைக்காரரின் கணக்கு. இரண்டையும் சொன்னேன்.