கைக்குட்டை போன வழி

"கத்தி காணாமப் போனா கழுத்தை நெரிச்சுக்கலாம். கட்டில் வரலைன்னா தரையில படுத்துச் சாகலாம். கர்ச்சீப் மட்டும் இல்லைன்னா இந்த நாடகத்துல ஒருத்தரும் சாக மாட்டாங்க. புரியுதா தம்பி?"

வேனில் ஏறி உட்கார்ந்ததும் இயக்குநர் எனக்கு நடத்திய முதல் பாடமும் கடைசிப் பாடமும் இதுதான். ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டிருந்த குழு அது. ஒரு கைக்குட்டையை வைத்துத் தன் மனைவியைச் சந்தேகித்துக் கொல்கிறவன் கதை. ப்ராப்பர்ட்டி, அதாவது மேடைச் சாமான்கள், பார்க்கிற பையன் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். ஒதெல்லோவாக நடிப்பவன் என் பால்ய சிநேகிதன். அந்த ஒரே தகுதியில் நான்கு காட்சிகளுக்கு என்னைப் பிடித்துப் போட்டார்கள். எனக்கு அப்போது கடுமையான ஜலதோஷம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மொத்தம் 9 நடிகர்கள். ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா; அவள் அப்பா பிரபான்ஷியோ முதல் அங்கத்தோடு போய்விடுகிறார்; கடைசி அங்கத்தில் அவருடைய தம்பி கிராஷியானோ வருகிறார். இரண்டும் ஒரே ஆள். மீசையைப் பிய்த்துவிட்டுத் தாடியை ஒட்டிக்கொண்டு வந்து, "உன் அப்பா செத்துப்போனதே நல்லது" என்று பெண்ணின் பிணத்தைப் பார்த்துத் தன் மரணச் செய்தியைத் தானே சொல்வார். தினமும் இதைச் சிரிக்காமல் சொல்கிறார் பாருங்கள், அதுதான் நடிப்பு.

மேடை ஊருக்கு ஒரு அளவு. கட்டிலைக் காலைக் கழற்றித்தான் வேனில் ஏற்ற முடியும். போய் இறங்கியதும் ஸ்பேனர் வைத்து முறுக்கியாக வேண்டும். சரியாக முறுக்காவிட்டால் கொலை நடக்கும்போது கிறீச் கிறீச் என்று அது வேறு மாதிரிக் காட்சியாகிவிடும் என்று டெஸ்டிமோனாவின் தோழி எமிலியாவாக வேஷம் போடும் அக்கா என்னை எச்சரித்திருந்தார். அதனால் அன்று மாலை முழுக்க என் கவலை கட்டில் மேலேயே இருந்தது.

கர்ச்சீப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அகலம், வெள்ளைப் பட்டு. ஓரத்தில் சிவப்பு நூலில் ஸ்ட்ராபெர்ரி, அதே அக்கா கையால் போட்டது. கிட்டத்தில் பழம், நாலடி தள்ளி நின்று பார்த்தால் மூட்டைப்பூச்சி வரிசை. மேடையோர மறைவான விங்கில் ஒரு மேஜை, மேலே வெள்ளை சார்ட் பேப்பர். ஒவ்வொரு சாமானையும் வைத்து மார்க்கரில் சுற்றி வரைந்து பேர் எழுதியிருந்தார்கள்: கத்தி 1, கத்தி 2, பணப்பை, விளக்கு, கடிதம். நடுவில் ஒரு சதுரம். அதில் "கர்ச்சீப் – உயிர்" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தது. மாற்று கர்ச்சீப் ஒன்று இருந்ததாம். போன ஊரில் கொடியில் காயப்போட்டது, அங்கேயே காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு துணித்துண்டுக்கு இவ்வளவு அலட்டலா என்று எனக்குத் தோன்றியது உண்மை. தாமஸ் ரைமர் என்ற விமர்சகருக்கும் 1693லேயே அப்படித்தான் தோன்றியிருக்கிறது. இதற்குக் கைக்குட்டையின் சோகக்கதை என்று பேர் வைத்திருக்கலாமே, குடும்பப் பெண்கள் தங்கள் துணிமணியை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதானே இதன் நீதி என்று கேலி செய்திருக்கிறார். வேனில் இயக்குநர் இதைச் சொல்லிவிட்டு ரைமரைத் திட்டினார். திட்டியது நியாயம்தான். ஒரு சிலம்புக்காக மதுரையே எரிந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒரு மோதிரம் தண்ணீரில் விழுந்ததற்குச் சகுந்தலை பட்ட பாடும் தெரியும். கைக்குட்டை எல்லாம் எந்த மூலைக்கு?

இரண்டாம் அங்கம் ஆரம்பம். சைப்ரஸ் தீவில் புயல். புயல் என்றால் நான்தான். தொங்கவிட்ட பெரிய தகரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்ட வேண்டும், அதுதான் இடி. ஆட்டினேன். ஊர் ஊராகச் சேர்த்த புழுதி அந்தத் தகரத்தில் இருந்து கிளம்பி நேராக என் மூக்குக்குள் இறங்கியது. மேடையில் கப்பல் கவிழ்கிறது, நான் வாயை மூடி, மூச்சை அடக்கி, கண்ணில் தண்ணீர் வழிய இடித்துக்கொண்டிருக்கிறேன். புயல் ஓய்ந்தது. என் மூக்கு ஓயவில்லை. இருட்டில் கை நீண்டது, ஏதோ துணி அகப்பட்டது, சத்தம் வராமல், ஆனால் முழு மனதோடு சிந்தினேன்.

என்ன மெத்தென்று இருக்கிறதே என்று ஒரு கணம் சுகமாக இருந்தது. அடுத்த கணம் விரலில் ஸ்ட்ராபெர்ரி தட்டுப்பட்டது.

மேக்கப் அறைக் குழாயடிக்கு ஓடினேன். தண்ணீர் பட்டதும் சிவப்புச் சாயம் இறங்கி, வெள்ளைப் பட்டு கொலை நடந்த இடம் மாதிரி ஆகிவிட்டது. மூன்றாம் அங்கம் தொடங்கியாகிவிட்டது. விங்கில் டெஸ்டிமோனா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். என் பேன்ட் பையில் என் சொந்த கர்ச்சீப் இருந்தது: நீலக் கட்டம், துண்டில் பாதி அளவு, காலையில் இருந்து உபயோகத்தில் இருந்தது. இருக்கிறதில் காய்ந்த பக்கம் வெளியே வரும்படி மடித்தேன். கொடுத்துவிட்டேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

ஒதெல்லோ தன் மனைவிக்குக் கொடுத்த முதல் பரிசு அந்தக் கைக்குட்டை. அவள் அதைப் பிரியாமல் வைத்துக்கொண்டு முத்தமிடுவாள், அதோடு பேசுவாள் என்று நாடகத்திலேயே இருக்கிறது. எங்கள் இயக்குநர் அதை வெறும் பேச்சாக விடாமல், டெஸ்டிமோனா கைக்குட்டையை முத்தமிட்டபடியே மேடைக்கு வர வேண்டும் என்று அமைத்திருந்தார். முத்தமிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒதெல்லோவுக்குத் தலைவலி. கைக்குட்டையால் அவன் நெற்றியைக் கட்டப் போகிறாள். விரிக்கிறாள், விரிக்கிறாள், அது விரிந்துகொண்டே போகிறது. என் சிநேகிதன் ஒரு பார்வை பார்த்தான். வசனத்தை மாற்றத் தெரியாத உத்தமன். "உன் கைக்குட்டை மிகச் சிறியது" என்றான். முதல் சிரிப்பு அங்கே எழுந்தது.

அவன் தட்டிவிட்டதை எமிலியா அக்கா எடுத்தார். எடுத்த கையிலேயே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தவிர மற்ற மூன்றும் விலகிக்கொண்டன. சந்தேகத்தை மூட்டுகிற வில்லன் இயாகோ அதைப் பறித்து, வெற்றிக் களிப்போடு ஆழமாக முகர்ந்து பார்க்க வேண்டும். முகர்ந்தார். அந்த முகம் போன போக்கைக் கண்டு முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். ஆனாலும் இயாகோ ஆயிற்றே, பொய்க்குப் பஞ்சமா? "ஸ்ட்ராபெர்ரிப் புள்ளி போட்ட கைக்குட்டையை உங்கள் மனைவி கையில் பார்த்ததில்லையா?" என்பதை "நீலக் கட்டம் போட்ட" என்று நொடியில் மாற்றிவிட்டார். கோயில் கட்டலாம் அந்த மனுஷனுக்கு.

ஒதெல்லோதான் கெடுத்தான். இருநூறு வயதுக் குறிசொல்லிக் கிழவி புனிதமான பட்டுப்புழுவின் நூலில் தைத்தது, எகிப்திய மந்திரக்காரி என் அம்மாவுக்குக் கொடுத்தது என்று ஒரு சொல் விடாமல் முழங்கினான். சபையில் இருந்து ஒரு சின்னக் குழந்தையின் குரல்: "எங்கப்பாகிட்டயும் இருக்கு!" அதன்பிறகு அவன் "கைக்குட்டை! கைக்குட்டை!" என்று ஒவ்வொரு தடவை கத்தியபோதும் பின்வரிசை கூடச் சேர்ந்து கத்தியது.

உச்சம் பியாங்கா. இயாகோ கொண்டுபோய்ப் போட்டதால் தன் அறையில் கிடந்த கைக்குட்டையை, ஒதெல்லோவின் சந்தேகத்துக்கு ஆளான காசியோ தன் காதலியான அவளிடம் கொடுத்து, இந்தப் பூவேலை பிடித்திருக்கிறது, இதே மாதிரி இன்னொன்று போட்டுக்கொடு என்று கேட்பான். அவள் அதை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள், ஓரத்தைத் தேடினாள். "இதுல எந்தப் பூவை?" என்று தன்னையும் மீறிக் கேட்டுவிட்டாள்.

பிரான்சில் டூசிஸ் என்ற நாடகாசிரியர் 1792இல் ஒதெல்லோவை மேடையேற்றியபோது, கைக்குட்டை கௌரவக் குறைச்சல் என்று அதற்குப் பதிலாக வைரம் பதித்த தலைப்பட்டியை வைத்துவிட்டாராம். கோழைத்தனம் என்று இயக்குநர் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. வைரத்தில் யாரும் மூக்குச் சிந்த முடியாது.

அன்றிரவு வாங்கிய திட்டை இங்கே எழுதப்போவதில்லை. கர்ச்சீப் சாக்கடையில் விழுந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னேன், நம்பிவிட்டார்கள். மூக்கு விஷயம் என்னோடு போகட்டும் என்று விட்டுவிட்டேன். அக்கா ராத்திரி கண்விழித்துப் புதிதாக ஒன்று தைத்தார். இந்த நாடகம் 1604 நவம்பர் 1 அன்று லண்டன் வைட்ஹால் அரண்மனையில் நடந்ததாகப் பதிவு இருக்கிறது. இந்த நானூற்றுச் சொச்சம் வருஷத்தில் எனக்கு முன்னால் ஒரு ப்ராப்பர்ட்டிக்காரனுக்காவது ஜலதோஷம் பிடித்திருக்காதா என்று சமாதானம் சொல்லிக்கொண்டு தூங்கினேன்.

மூன்றாம் நாள் காட்சியில் செத்துக்கிடந்த டெஸ்டிமோனா தும்மினாள். நல்லவேளை, மூலத்திலேயே அவள் ஒரு தடவை உயிர் வந்து நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் சாகிறாள். தும்மல் ஷேக்ஸ்பியர் கணக்கில் போய்விட்டது.

மறுநாள் காலையில் எமிலியா அக்காவுக்குத் தொண்டை கட்டியது. மத்தியானம் இயாகோ. சாயங்காலம் காசியோ. ஒப்பனைக்கு உட்கார்ந்தபோது பியாங்காவுக்கு மூக்குச் சிவந்திருந்தது. இயக்குநர் வேனில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தார். கணக்கு உதைத்தது. இயாகோவுக்கும் காசியோவுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்த ரோடெரிகோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். பிரபான்ஷியோ மீசை, தாடி இரண்டோடும் சௌக்கியம். ஒதெல்லோவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை.

"டெஸ்டிமோனா, எமிலியா, இயாகோ, காசியோ, பியாங்கா," என்று இயக்குநர் வாய்விட்டுப் படித்தார். "இந்த வரிசையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே."

நான் மேஜையில் கத்தி 1ஐ அதன் கோட்டுக்குள் சரியாக வைப்பதில் மும்முரமானேன். தலைக்குமேல் நிழல் விழுந்தது. முழு வேஷத்தில் என் சிநேகிதன்.

"கைக்குட்டை" என்றான்.

"டேய், அது சாக்கடையில..."

"கைக்குட்டை!"

மூன்றாவது முறை அவன் வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது.